பீலெஃபெல்டில் பனிப்புயலுக்குக் காத்திருந்தபோது

வியாழன், காலை

மியூனிக்கை ஒட்டிய கார்ஹிங்கில் நான் ரயிலேறிய காலையில், பனிப்புயல் என்று யாராவது சொன்னால் சிரித்துவிடுவார்கள் என்கிற மாதிரி வெயில் அடித்தது. பிப்ரவரியின் கடைசி வாரம், பன்னிரண்டு டிகிரி. பல்கலைக்கழக நிலையத்தின் படிகளில் மாணவர்கள் கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தாள். அங்கே ஆராய்ச்சி செய்யும் என் மகன் அருண் மட்டும் முகத்தைச் சுருக்கிக்கொண்டு கைபேசியை என் கண்ணுக்கு நேரே நீட்டினான்.

"இந்த மேப்பைப் பாரும்மா. சாட்டர்டே நார்த்ல பயங்கர ஸ்னோ. நீ போற பீலெஃபெல்ட் கரெக்டா அந்த லைன் மேலயே இருக்கு. ட்ரிப்பை நெக்ஸ்ட் வீக் தள்ளிக்கலாமே?"

வரைபடத்தைப் பார்த்தேன். பாம்பனில் மீனவர்களுக்கான ஒரு சிறு வானொலி நிலையத்தில் பல ஆண்டுகளாகக் கடல் நிலவரம் வாசிக்கிறவள் நான். வானிலை வரைபடம் என்றால் யாருடையதாக இருந்தாலும் எட்டிப் பார்க்காமல் இருக்க முடியாது. வடக்கே நீலம், தெற்கே ஆரஞ்சு. ஸ்காண்டிநேவியாவிலிருந்து இறங்கிவரும் கடுங்குளிர் ஒரு பக்கம். ஸ்பெயின் பக்கமிருந்து ஏறிவரும் ஈரமான இளஞ்சூட்டுக் காற்று மறுபக்கம். இரண்டும் ஜெர்மனியின் இடுப்பில் முட்டிக்கொள்கிற நேரம் பார்த்து, அட்லாண்டிக்கிலிருந்து ஒரு தாழ்வு நிலை அந்த முட்டலின் மேலேயே உருண்டு வரப்போகிறது. கோட்டுக்கு வடக்கே பனி. தெற்கே வெறும் மழை. கோட்டின் மேல் இருப்பவர்களுக்கு உறைமழை: தண்ணீராகவே விழும், தொட்ட இடத்தில் கண்ணாடியாக இறுகும். எங்கள் துறைமுகத்தில் புயல் கூண்டுக்கு எண் போட்டு ஏற்றுவதுபோல இங்கே எச்சரிக்கைக்கு நிறம் உண்டு. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, அதற்கும் மேலே ஊதா. பீலெஃபெல்டின் மேல் ஆரஞ்சு இருந்தது.

"ஜெசிந்தா எனக்காக லீவு போட்டிருக்காடா. ஞாயித்துக்கிழமை திரும்பிருவேன்" என்றேன்.

"ஞாயிறு ட்ரெயினே ஓடாதும்மா."

"ஓடலைன்னா அவ வீட்டுலயே இருந்துக்கிறேன்."

மியூனிக்கிலிருந்து பீலெஃபெல்டுக்கு ரயில் வழி எழுநூறு கிலோமீட்டருக்கு மேல். ஹனோவரில் ஒருமுறை மாற வேண்டும். வழிநெடுக வெயில். எதிர் இருக்கையில் சமையலறைச் சாமான் விற்கும் ஒரு ஜெர்மன்காரர். நான் புயலைப் பற்றி ஆங்கிலத்தில் கேட்டதும் கையை உதறினார்.

"ஒவ்வொரு குளிர்காலத்திலும் இப்படித்தான் சொல்கிறார்கள். கடைசியில் மூன்று பனித்துகள் விழும். நான் சனிக்கிழமை பீலெஃபெல்டையும் தாண்டி ஓஸ்னாப்ரூக்கில் இருப்பேன். போய்த்தான் தீருவேன்."

எனக்கு ஊரில் இருப்பதுபோலவே இருந்தது. வெயில் அடிக்கிற நாளில் எச்சரிக்கை சொல்கிறவரை உலகத்தில் எங்கும் யாரும் மதிப்பதில்லை.

வியாழன், மாலை

பீலெஃபெல்ட் நிலையத்தில் ஜெசிந்தா காத்திருந்தாள். மன்னாரிலிருந்து படகில் வந்து மண்டபம் முகாமில் தங்கியிருந்த குடும்பம் அவளுடையது. ஒன்பதாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தாள். பிறகு அண்ணனோடு ஜெர்மனிக்கு வந்து, அகதி விண்ணப்பம், மொழி, தாதிப் படிப்பு என்று ஒவ்வொன்றாய் ஏறி, இப்போது வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் ஒரு பராமரிப்புச் சேவையில் தாதியாக இருக்கிறாள். இருவருக்கும் ஐம்பது நெருங்குகிறது. கட்டிப்பிடித்த வேகத்தில் என் கம்பளித் தொப்பி கீழே விழுந்தது.

"வாடி, குளிருக்க நிக்காதை. இந்தப் பக்கம் காத்து வடகிழக்கால திரும்பிட்டுது, பார்த்தியே?"

பார்த்தேன். மியூனிக்கின் வெயில் இங்கே இல்லை. வானம் ஈயத்தகடு மாதிரி தாழ்ந்து கிடந்தது.

வீட்டில் அவள் கணவர் அன்ரன் இடியப்பம் அவித்து, சொதியும் மீன் குழம்பும் வைத்திருந்தார். நகரப் பேருந்து ஓட்டுகிறார். "இருங்கோ அக்கா. சாப்பிட்டுக்கொண்டு கதைப்பம்" என்றார். ஆனால் கதை முழுவதும் புயலைப் பற்றியே போயிற்று. ஜெசிந்தா தட்டைப் பாதியில் வைத்துவிட்டுக் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மலைக்கு மேல எனக்கு ஒரு ஆள் இருக்கு அமலி. அவருக்கு நுரையீரல் வருத்தம். ஒக்சிசன் மெசின் இரவு பகலா ஓடவேணும். கறண்ட் போனா ஒரு சிலிண்டர் இருக்கு, அது சில மணித்தியாலம்தான் வரும். கம்பியில ஐஸ் பிடிச்சா கறண்ட் போகும். றோட்டில ஐஸ் பிடிச்சா நான் போக ஏலாது."

"கீழ கூட்டிட்டு வந்துர வேண்டியதுதானே?"

"போன மாசம் கூட்டிக்கொண்டு வந்தனான். இதே மாதிரி எச்சரிக்கை. மூண்டு நாள் பராமரிப்பு இல்லத்தில வைச்சிருந்தம். ஒண்டும் வரேல்லை. தூறல் மட்டும். அதுக்குப் பிறகு என்னோட முகம் குடுத்துக் கதைக்கிறாரில்லை."

வெள்ளி

காலைச் சுற்றை முடித்துவிட்டு ஜெசிந்தா மதியம் வந்தாள். அலுவலகத்தில் எல்லாரும் தங்கள் தங்கள் நோயாளிகளுக்கு மருந்தும் உணவும் மூன்று நாளைக்கு முன்கூட்டியே கொடுத்து வைக்கத் தொடங்கிவிட்டார்களாம். அவளிடம் மிச்சமிருந்தது மலைக்காரர் ஒருவர்தான். "உன்னையும் கூட்டிக்கொண்டு வரட்டோ எண்டு ஃபோனில கேட்டன். றேடியோவில வானிலை வாசிக்கிற பொம்பிளையெண்டா கட்டாயம் வரட்டும் எண்டார். வெளிக்கிடு."

அவர் இருக்கும் ஓர்லிங்ஹவுசன் அங்கிருந்து தென்கிழக்கே பதின்மூன்று கிலோமீட்டர். டொய்டோபுர்க் காட்டு மலைத்தொடரின் முதுகில் உட்கார்ந்திருக்கும் சிற்றூர். மலை என்றால் நம் ஊர்க் குன்று அளவுதான். ஆனால் பாதை வளைந்து வளைந்து பீச் என்னும் உயரமான காட்டு மரங்களுக்குள் ஏறுகிறது. இயந்திரமில்லாத கிளைடர் விமானங்களுக்குப் பேர்போன ஊர். காற்றை மட்டும் நம்பிப் பறக்கிறவர்கள். நாங்கள் பார்க்கப் போன ஹெர் ட்ரையர், அதாவது திரு ட்ரையர், அந்தப் பறத்தலைக் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவர்.

ஊருக்கு வெளியே மரங்களுக்கு நடுவில் தனி வீடு. கதவைத் திறந்த மனிதர் உயரமானவர். மூக்கில் செருகிய மெல்லிய குழாய் தரையோடு நீண்டு அறை மூலைக்குப் போயிற்று. அங்கே ஒரு சிறு அலமாரி அளவுக்கு இருந்த இயந்திரம், தூங்குகிற நாய் மாதிரி மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. மேற்கே பார்த்த பெரிய ஜன்னல். அதன் கீழே தொலைநோக்கி.

அவர் ஜெர்மனில் பேசினார். ஜெசிந்தா எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"போன மாதமும் இதே ஆரஞ்சுதான் காட்டினீர்கள். அந்த இல்லத்தில் ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். மூன்று நாள் சுவரைப் பார்த்தேன். வீட்டுக்குத் திரும்பவே விடமாட்டார்களோ என்று பயந்துவிட்டேன். இந்த முறை நான் எங்கும் வருவதாக இல்லை."

பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்கள் சொல்லுங்கள். உறுதியாகத் தெரியாதபோது வானொலியில் என்ன சொல்வீர்கள்?"

"தெரியவில்லை என்றே சொல்வேன். காற்று இப்படியும் போகலாம், அப்படியும் போகலாம் என்பேன்."

"மக்கள் என்ன செய்வார்கள்?"

"பாதிப் பேர் படகைக் கட்டிப்போடுவார்கள். பாதிப் பேர் எங்களைத் திட்டிக்கொண்டே கட்டிப்போடுவார்கள். சிலர் கடலுக்குப் போய்விடுவார்கள்."

"புயல் வராமல் போனால்?"

"கட்டிப்போட்டவர்கள் நிலையத்துக்கே வந்துவிடுவார்கள். ஒருமுறை எங்களுக்கு வரவேண்டிய புயல் வடக்கே ஒதுங்கிப் போயிற்று. வாரம் முழுக்கப் படகு கரையில் கிடந்தது. ஒரு அம்மா வாசலில் நின்று என் வாயில் மண்ணைப் போட என்று வைதுவிட்டுப் போனார்."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க வெகுநேரமாயிற்று. அந்த அம்மாவின் கட்சி அவருக்குப் பிடித்துவிட்டது என்பது தெரிந்தது. என் பேச்சால் காரியம் கெட்டதோ என்று நான் ஜெசிந்தாவைப் பார்த்தேன்.

அவள் ஒரு சிறு முக்காலியை இழுத்துப்போட்டு அவருக்கு முன்னால் உட்கார்ந்தாள். சற்று நேரம் மெதுவாகப் பேசினாள். அப்போது அவள் மொழிபெயர்க்கவில்லை. திரும்பும் வழியில்தான் சொன்னாள்:

"புயல் வருமெண்டு நான் சொல்லேல்லை. வராமலும் விடலாம், அப்ப நீங்கள் என்னைப் பேசுங்கோ எண்டன். ஆனா ஐஸ் வந்தா என்னால வர ஏலாது எண்டு சொன்னன். காரிலயும் ஏலாது, நடந்தும் ஏலாது. நாலு வருசமா நான் இந்த வார்த்தையை அவரிட்டச் சொன்னதில்லையடி. முந்தி ஒருக்காப் பனிக்குள்ள காரைக் கீழ விட்டிட்டு நடந்து போனனான். எப்பிடியும் வருவாள் எண்டு நினைச்சுத்தான் அவர் தைரியமா இருந்திருக்கிறார்."

அங்கே அறையில் அதைக் கேட்டபோது அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"அந்த இல்லத்துக்கு மட்டும் வரமாட்டேன்" என்றார் கடைசியில்.

"வேறு எங்காவது?"

அவர் ஜன்னல் வழியே சரிவின் கீழே பார்த்தார். அடிவாரத்தில் ஒரு பண்ணை வீடு. சிவப்பு ஓடு, நீளமான மாட்டுத் தொழுவம். "கெம்பர் வீட்டில் ஜெனரேட்டர் இருக்கிறது. கறவை இயந்திரம் நிற்கக்கூடாதே. ஆனால் நான் போய்க் கேட்கமாட்டேன்."

"நீங்கள் கேட்க வேண்டாம்" என்றாள் ஜெசிந்தா. கோட்டை மாட்டிக்கொண்டே, "வாடி" என்று என்னைக் கிளப்பினாள்.

ஃப்ராவ் கெம்பர், அதாவது திருமதி கெம்பர், ரப்பர் பூட்ஸோடு தொழுவத்திலிருந்து வந்தார். எங்கள் வயதுதான் இருக்கும். ஜெசிந்தா சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"என் மகனுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்த மனிதர். இத்தனை நாள் ஏன் கேட்கவில்லை?"

பதிலுக்குக் காத்திராமல் சமையலறைக்குப் பக்கத்து அறையைத் திறந்து காட்டினார். கட்டில் இருந்தது, மின் இணைப்பு இருந்தது, ஜன்னலும் இருந்தது. "நாளைக்கு மதியத்துக்கு உருளைக்கிழங்கு சூப் என்று அவரிடம் சொல்லுங்கள்."

ஜெசிந்தா அங்கேயே நின்று ட்ரையருடைய வைத்தியரையும் தன் மேலதிகாரியையும் அழைத்து அனுமதி கேட்டாள். இருவரும் சரி என்றார்கள்.

சனி

காலையில் எழுந்தபோது வரைபடம் மாறியிருந்தது.

கோடு ஐம்பது கிலோமீட்டர்போல வடக்கே நகர்ந்துவிட்டதாகப் புதிய முன்னறிவிப்பு. பனி ஹனோவருக்கும் அப்பால். பீலெஃபெல்டுக்கு "பெரும்பாலும் மழை, ஆங்காங்கே வழுக்கல்" என்று போட்டிருந்தது. வேறொரு கணினிக் கணிப்போ பழைய இடத்திலேயே கோட்டை வைத்திருந்தது. ஜெசிந்தா தேநீரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் நின்றாள்.

"அப்ப விடுமன்" என்றார் அன்ரன், சீருடைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே. "மனுசனைத் தன்ரை வீட்டில இருக்க விடும். இந்த முறையும் ஒண்டும் வராட்டி அவர் உம்மை இனி வாசல்லயும் விடமாட்டார்."

"வந்தால்?"

அன்ரன் அடுத்த பொத்தானைப் போட்டார். அவள் என்னைப் பார்த்தாள். "நீ என்னடி செய்வாய்?"

இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார்ந்தபடி எத்தனையோ காலை என்னையே கேட்டுக்கொண்டது. ஆனால் ஊரில் நான் கேட்பவர்களின் முகத்தைப் பார்ப்பதில்லை. இங்கே ஒரு முகம் இருந்தது, மூக்கில் குழாயோடு.

"எனக்கும் தெரியலடி. ரெண்டு கணிப்பையும் மறைக்காம அவர்கிட்டச் சொல்லிரு. அவரே முடிவு பண்ணட்டும்" என்றேன்.

மலையில் ஏறும்போது மழை இல்லை. காற்று மட்டும் மரங்களின் உச்சியைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. காரின் வெப்பமானி அடிவாரத்தில் மூன்று காட்டியது, மேலே ஒன்று.

ஹெர் ட்ரையர் கோட்டும் தொப்பியும் போட்டு, கால்களுக்கிடையே ஒரு சிறு பையை வைத்துக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தார். ஜெசிந்தா வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கோடு நகர்ந்ததை, இன்னொரு கணிப்பு நகராததை, தனக்குத் தெரியவில்லை என்பதை.

அவர் தலையாட்டினார். "காலை ஆறு மணிக்கே நானும் பார்த்துவிட்டேன்."

"அப்போ இருக்கப் போகிறீர்களா?"

"எப்படி இருப்பது? கெம்பர் சூப் வைத்துவிட்டாள். அறையைச் சூடாக்கியாயிற்று என்று தொலைபேசியில் சொன்னாள். இப்போது போகவில்லை என்றால் அது மரியாதை இல்லை."

நானும் ஜெசிந்தாவும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டோம். இத்தனை செயற்கைக்கோள், இத்தனை கணினி, இத்தனை நிறம். கடைசியில் அவரை வீட்டைவிட்டுக் கிளப்பியது ஒரு பானை சூப்.

ஃப்ராவ் கெம்பரின் ஜீப்பில், கையடக்கச் சிலிண்டரோடு அவர் இறங்கினார். இயந்திரம் எங்கள் காரின் பின் இருக்கையில், இருக்கைப் பட்டி போட்டு, என் தோளில் சாய்ந்தபடி வந்தது. பண்ணையில் அதை இணைத்து ஓடவிட்டு, ஜெனரேட்டரை ஒருமுறை இயக்கிப் பார்த்து, மருந்துகளை எடுத்து வைக்க மதியமாகிவிட்டது. எங்களையும் சூப் குடிக்காமல் விடவில்லை. கிண்ணத்தைக் கழுவி வைக்கும்போது ஜன்னலில் முதல் துளி தட்டியது.

திரும்பும் வழியில் அந்தத் துளிகளை நான் உற்றுப் பார்த்துக்கொண்டே வந்தேன். முன்கண்ணாடியில் விழுந்து வழிந்தன. ஒரு வளைவு தாண்டியதும் வழியவில்லை. விழுந்த இடத்திலேயே நின்றன. துடைப்பான் அவற்றின் மேல் கரகரவென்று உரசியது. ஜெசிந்தா பேச்சை நிறுத்திவிட்டு, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள். பதின்மூன்று கிலோமீட்டரைக் கடக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. முன்னால் போன சிறு லாரி ஒன்று தானாகவே மெதுவாகத் திரும்பி, யாரையும் இடிக்காமல், வேலியோரம் போய் நின்றது. ஓட்டுநர் இறங்க முயன்று, கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

கணிப்பு எந்தக் கோட்டை எங்கே போட்டிருந்தாலும் மழை தன் கோட்டைத் தானே போட்டுக்கொண்டது.

மாலையில் பேருந்துகளை எல்லாம் நிறுத்திவிட்டார்கள். அன்ரன் நடந்தே வந்தார். ஷூவுக்கு மேலே பழைய கம்பளிக் காலுறையை இழுத்து மாட்டியிருந்தார். "இதுதான் அக்கா ஐஸில பிடிக்கும். இல்லாட்டி இடுப்புப் போயிடும்" என்றார். பால்கனிக் கம்பி, கொடிக்கயிறு, எதிர்வீட்டு ஆப்பிள் மரத்தின் ஒவ்வொரு குச்சி, எல்லாம் விரல் தடிமனுக்குக் கண்ணாடி உறை போட்டிருந்தன. காற்று அடிக்கும்போது மரம் முழுவதும் கண்ணாடி வளையல்போலக் குலுங்கியது. இவ்வளவு கொடிய ஒன்றுக்கு இப்படி ஓர் அழகான சத்தம் இருக்கும் என்று எந்த வரைபடமும் எனக்குச் சொன்னதில்லை.

ஞாயிறு

விடிந்தபோது மழை பனியாகியிருந்தது. பனி கீழே விழவில்லை. காற்றில் படுக்கைவாட்டில் ஓடியது. தெருவில் நின்ற கார்கள் வெறும் மேடுகளாயிருந்தன. ரயில் இல்லை, பேருந்து இல்லை. அருண் அழைத்து "நான் சொன்னேன்ல" என்றான். சொன்னதில் அவனுக்கு ஒரு சிறு சந்தோஷம் இருந்தது, விட்டுக்கொடுத்தேன்.

ஜெசிந்தா காலை முழுவதும் நோயாளிகளுக்கு ஒவ்வொருவராகத் தொலைபேசியில் பேசினாள். நடந்து போகக்கூடிய தூரத்தில் இருந்தவர்களைச் சக தாதிகள் பங்கு பிரித்துக்கொண்டார்கள். தன் பங்குக்கு வந்த இரண்டு வீட்டுக்கு அவளும் காலுறை மாட்டிக்கொண்டு போய்வந்தாள். திரும்பி வந்தவள் தலைமுடியிலிருந்த பனியைக்கூடத் தட்டாமல் செய்தியைக் காட்டினாள். மலைப்பகுதியில் பல இடங்களில் மின்சாரம் இல்லை.

கெம்பர் வீட்டுக்கு அழைத்தாள். இணைப்பு கிடைக்கவில்லை. மறுபடியும். மறுபடியும் இல்லை.

"ஃபோன் கோபுரத்துக்கும் கறண்ட் போயிருக்கும்" என்றார் அன்ரன்.

"ஓம், தெரியும்" என்றாள். ஆனால் கைபேசியைக் கீழே வைக்கவில்லை. மதியச் சோற்றை யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஜெனரேட்டரை ஒருமுறைதான் ஓட்டிப் பார்த்தோம். அது குளிரில் கிளம்புமா? டீசல் போதுமா? கேட்கத் தோன்றியதை எல்லாம் நான் விழுங்கிக்கொண்டேன். படகு திரும்பாத நாளில் கரையில் நிற்கிறவர்களிடம் கேள்வி கேட்கக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

மூன்று மணியைத் தாண்டி அவள் கைபேசி ஒலித்தது. ஃப்ராவ் கெம்பர். சிக்னல் பிடிப்பதற்காக வைக்கோல் பரணில் ஏறி நின்று பேசினாராம். ஜெசிந்தா கேட்டுக்கொண்டே இருந்தாள். "யா... யா..." என்றாள். பிறகு ஒரு கையால் முகத்தை மூடிக்கொண்டு அடுப்படியில் சாய்ந்தாள்.

நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

"மெசின் ஓடுதாம்" என்றாள் விரல்களுக்குள்ளிருந்து. "காலமையிலயிருந்து ஜெனரேட்டரிலதான் ஓடுதாம். மனுசன் அங்க மாட்டுக்குப் பக்கத்தில இருந்து சீட்டு விளையாடுறாராமடி."

அன்ரன் எழுந்து போய், ஆறிப்போன குழம்பை மறுபடியும் சூடாக்கினார்.

திங்கள்

காற்று ஓய்ந்திருந்தது. வானம் நீலம். வெளியே மைனஸ் ஒன்பது டிகிரி. மூக்குத் துளைக்குள் முடி விறைப்பது தெரிந்தது. மதியத்துக்குள் மலைப்பாதையைத் திறந்துவிட்டதாகச் செய்தி வரவே, உப்புத் தூவும் வண்டிக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போனோம். இரு பக்கமும் பீச் கிளைகள் முறிந்து கிடந்தன.

ஹெர் ட்ரையர் பண்ணைச் சமையலறையில் எங்களை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"மாலை ஐந்து மணிக்கு உறைமழை என்றார்கள். இங்கே ஒன்றரைக்கே ஆரம்பித்துவிட்டது. பனி அளவும் தப்பு. காற்றின் திசை மட்டும்தான் சரி. இதற்கா இத்தனை கணினி?"

ஜெசிந்தா அவருடைய விரலில் கருவியை மாட்டி இரத்தத்தில் பிராணவாயுவின் அளவைப் பார்த்துக்கொண்டே, "சரி, சரி" என்று தலையாட்டினாள். அவள் முகம் முழுக்கச் சிரிப்பு. இவ்வளவு சந்தோஷமாக வசவு வாங்கும் ஒருவரை நான் பார்த்ததில்லை.

அவருக்கு மூக்குக்கண்ணாடியும் மாற்றுத் துணியும் வேண்டியிருந்தது. சாவியை வாங்கிக்கொண்டு மேலே போனோம். வீட்டுக்குப் பின்னால் மின்கம்பம் ஒன்று முழங்கால் மடித்தமாதிரி சாய்ந்திருந்தது. கம்பிகள் பனிக்குள் புதைந்திருந்தன. உள்ளே எங்கள் மூச்சு புகையாக வந்தது. அறை மூலையில், இயந்திரம் நின்ற இடத்தில், தூசியில் ஒரு சதுரம். அதன் மேலே சுவரில் காலியான சாக்கெட். ஜெசிந்தா அந்த இடத்தைப் பார்த்தபடி நின்றாள். நான் அலமாரியில் துணி தேடுவதுபோல முதுகைத் திருப்பிக்கொண்டேன்.

"போவமடி" என்றாள் சற்றுப் பொறுத்து.

செவ்வாய்

ரயில்கள் ஓடத் தொடங்கின. நிலையத்தில் ஜெசிந்தாவோடு ஒழுங்காக விடைபெற முடியவில்லை. நான் ஏறும் நேரத்தில் ஹெர் ட்ரையர் அழைத்துவிட்டார். மலையில் கம்பத்தை நிமிர்த்தி மின்சாரம் வந்துவிட்டதாம், இன்றே வீட்டுக்குப் போக வேண்டுமாம். இன்னும் இரண்டு இரவு உறைபனி இருக்கிறது, பொறுங்கள் என்று இவள். முடியாது என்று அவர். கைபேசியில் வாதாடிக்கொண்டே மற்றக் கையால் என் கன்னத்தைப் பிடித்து இழுத்து முத்தமிட்டு, கதவு மூடும்வரை வாதாடிக்கொண்டிருந்தாள்.

ஹனோவரில் மாறி, ஜன்னலோரம் உட்கார்ந்தேன். எங்கள் ஊரில் புயல் என்றால் கடல். கடல் எங்கே இருக்கிறது என்று குழந்தைக்கும் தெரியும். அதைவிட்டு விலகினால் போதும். இங்கே புயல் எந்தத் திசையிலிருந்தும் வருவதில்லை. இருக்கிற இடத்திலேயே, மேலே ஒரு காற்றும் கீழே ஒரு காற்றுமாக, சாதாரண மழையை ஆயுதமாக மாற்றிவிடுகிறது. அதனால்தான் நம்புவது இன்னும் கடினம். ஆனால் நம்பாதவர்களும் ஒன்று செய்தார்கள்: ஒருவர் அறையைத் திறந்துவிட்டார், ஒருவர் காலுறை மாட்டிக்கொண்டு நடந்தார், ஒருவர் சூப்புக்காகக் கோட்டை மாட்டினார். வானொலியில் நான் இதுவரை காற்றையும் அலையையும் மட்டுமே வாசித்திருக்கிறேன். இன்னாருடைய வீட்டில் இடம் இருக்கிறது, கேட்கக் கூச்சப்படாதீர்கள் என்று ஒருநாளும் வாசித்ததில்லை. வாசித்தால் என்ன என்று தோன்றியது.

காசெல் நகரைத் தாண்டியதும் சுரங்கங்கள் தொடங்கின. ஒரு சுரங்கத்துக்குள் வெள்ளை வயலிலிருந்து நுழைந்தோம். அடுத்த வெளிச்சத்தில் திட்டுத்திட்டாகப் பனி. அதற்கடுத்ததில் ஈரமான பச்சைப் புல். ஃபுல்டா நிலையத்தில் என் பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தார். கையில் மடித்த குடை. நான் எங்கிருந்து வருகிறேன் என்று ஆங்கிலத்தில் கேட்டார். சொன்னேன்.

"ஓ, அந்தப் புயலா? எங்களுக்கு மழை மட்டும்தான். டெட்மோல்டில் இருக்கும் அக்காவைப் பார்க்க எல்லாம் ஏற்பாடு செய்திருந்தேன். இவர்கள் பயமுறுத்தியதால் ரத்து செய்துவிட்டேன். வீணாய்ப் போயிற்று."

டெட்மோல்ட், ஓர்லிங்ஹவுசனுக்குப் பக்கத்து ஊர். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், கண்ணாடியாக இறுகிய ஆப்பிள் மரத்தைச் சொன்னேன். வேலியோரம் போய் நின்ற லாரியைச் சொன்னேன். மின்கம்பம் சாய்ந்திருந்ததையும், கெம்பரின் ஜெனரேட்டரையும் சொன்னேன். அவர் குடையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"அக்காவிடம் எப்போது பேசினீர்கள்?" என்றேன்.

"வெள்ளிக்கிழமை. வரவில்லை என்று சொன்னதற்குக் கொஞ்சம் கோபித்துக்கொண்டாள். அதன்பிறகு நானும் கூப்பிடவில்லை."

ரயில் இன்னொரு சுரங்கத்துக்குள் போயிற்று. வெளியே வந்ததும் அவர் கைபேசியை எடுத்து எண்ணை அழுத்தினார். வெகுநேரம் மணி அடித்தது. பிறகு மறுமுனையில் ஒரு குரல், எனக்கே கேட்கும் அளவுக்குச் சத்தமாக, நிறுத்தாமல் பேசத் தொடங்கியது. இந்தப் பெண் குறுக்கே ஒரு வார்த்தை சொல்லப் பார்த்தார்; முடியவில்லை. பிறகு ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு, கண்ணை மூடி, கேட்க ஆரம்பித்தார்.